ரத்தக்குழாய்ச் சுவரில் நுரை செல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்கள், வீட்டில் யாருக்காவது ஆஞ்சியோ முடிந்து வந்தவர்கள், உயிரியல் படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. யாருக்கு என்ன மருந்து என்பது இங்கே இல்லை. அதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும்தான் இங்கே.

கொலஸ்ட்ரால் குழாயில் படிந்து அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதானே? இதில் நோயெதிர்ப்பு செல்லுக்கு என்ன வேலை?

அடுப்படி சிங்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு படிவதுபோலத்தான் பலரும் இதை நினைத்துக்கொள்கிறார்கள். நேரமில்லாத டாக்டர்களும் அப்படியே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் கொலஸ்ட்ரால் சேர்வது ரத்தம் ஓடும் பக்கத்தில் அல்ல, தமனியின் சுவருக்குள்ளே. தொடக்கக் கட்டத்தில் அதில் பெரும்பகுதி உயிருள்ள செல்களின் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. கிருமிகளையும் செத்த செல்களையும் விழுங்கி அப்புறப்படுத்தும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணு வகைதான் அதை விழுங்கி வைத்திருக்கிறது.

தமனித் துண்டு ஒன்றை வழக்கமான முறையில் பதப்படுத்தி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், இந்த செல்கள் வெள்ளை வெள்ளையாகக் குமிழி கட்டியிருப்பதுபோல் தெரியும். பதப்படுத்தப் பயன்படும் ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடுவதால், கொழுப்பு இருந்த இடங்கள் காலியாகத் தெரிகின்றன. நுரை செல் என்ற பெயர் அந்தத் தோற்றத்துக்குத்தான். அதே துண்டைக் கரைப்பான் படாமல் உறையவைத்து வெட்டி, ஆயில் ரெட் ஓ என்ற சாயத்தை ஏற்றினால் அத்தனை குமிழியும் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். ஒரே செல்லுக்குள் நூற்றுக்கணக்கில் கொழுப்புத் துளிகள்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த நிக்கோலாய் அனிச்கோவ். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. செமியோன் கலாத்தோவ் என்பவருடன் சேர்ந்து, சூரியகாந்தி எண்ணெயில் சுத்தமான கொலஸ்ட்ராலைக் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். முயல்களின் பெருந்தமனியில் மஞ்சள் திட்டுகள் வந்தன. வெறும் எண்ணெய் மட்டும் கொடுத்த முயல்களுக்கு ஒன்றும் வரவில்லை. 1913-ல் இது வெளியானது. திட்டுக்குள் இருந்த கொழுப்பு செல்களை அவர் உற்றுப் பார்த்து, அவை ரத்தத்திலிருந்து வந்த வெள்ளணுக்கள் என்றும் எழுதினார்.

அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற ஆய்வகங்களில் எலிக்கும் நாய்க்கும் கொடுத்துப் பார்த்தார்கள், திட்டு வரவில்லை. புல் தின்னும் முயலுக்குக் கொலஸ்ட்ரால் கொடுத்தது செயற்கையான சோதனை என்று தள்ளிவைத்துவிட்டார்கள். எலியும் நாயும் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றுவதில் கெட்டிக்கார விலங்குகள். அவற்றின் ரத்தத்தில் அது ஏறவே இல்லை. விலங்கைத் தேர்ந்தெடுத்ததில் வந்த குழப்பம் இது. இதனால் ஒரு தலைமுறை வீணாயிற்று என்றுதான் நான் சொல்வேன்.

ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ரால் சுவருக்குள் எப்படிப் போகிறது?

கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. அதனால் எல்டிஎல் போன்ற துகள்களில் ஏறித்தான் ரத்தத்தில் பயணம் செய்கிறது. ஒரு எல்டிஎல் துகளின் குறுக்களவு சுமார் 22 நானோமீட்டர். உள்ளே ஏறக்குறைய 1,500 கொலஸ்ட்ரால் எஸ்டர் (கொழுப்பு அமிலம் கோத்த கொலஸ்ட்ரால்) மூலக்கூறுகள். இவ்வளவு சிறியது என்பதால் தமனியின் உள்ளுறையைக் கடந்து எல்லோருக்கும், எப்போதும், கொஞ்சம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. போனது திரும்பி வந்துவிட்டால் பிரச்சினை இல்லை. சுவருக்குள் இருக்கும் புரோட்டியோகிளைக்கான் என்ற சர்க்கரைப் புரத இழைகளில் அது ஒட்டிக்கொள்வதுதான் வினை. ரத்தத்தில் எல்டிஎல் எவ்வளவு அதிகமோ, எத்தனை வருஷமாக அதிகமோ, அவ்வளவுக்கு ஒட்டுவதும் அதிகம்.

உடம்பு முழுக்க ஒரே ரத்தம்தானே? ஏன் சில இடங்களில் மட்டும் திட்டு வருகிறது?

ஓட்டம்தான் காரணம். நேரான குழாயில் ரத்தம் சீராக ஓடும். அங்கே உள்ளுறை செல்கள் ஓட்டத்தின் திசையில் நீளவாக்கில் படுத்து, அமைதியாக இருக்கும். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடம், இதயத் தமனிகளின் கிளைகள், வளைவுகளின் உள்பக்கம் போன்ற இடங்களில் ஓட்டம் சுழன்று தடுமாறும். அங்கே உள்ளுறை செல்கள் விசிஏஎம்-1 போன்ற ஒட்டும் புரதங்களை வெளியே நீட்டுகின்றன. ரத்தத்தில் போகும் மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் அவற்றில் மாட்டி, செல்களின் இடுக்கு வழியாக உள்ளே நுழைகின்றன. உள்ளே போன மோனோசைட்தான் மேக்ரோஃபேஜாக மாறுகிறது. திட்டு முற்றிய பிறகு புதிதாக வருபவை மட்டுமல்ல, ஏற்கெனவே உள்ளே இருக்கும் மேக்ரோஃபேஜ்களும் அங்கேயே பிரிந்து பெருகுகின்றன என்று, திட்டு வரும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு செல்லுக்குத் தேவையான அளவு தெரியாதா? ஏன் இப்படி அளவில்லாமல் விழுங்குகிறது?

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாதாரண செல்லுக்கு அளவு நன்றாகவே தெரியும். டெக்சாஸ் மாநிலம் டாலஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசஃப் கோல்ட்ஸ்டைனும் 1970-களில் எல்டிஎல் ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். செல்லின் மேல்பரப்பில் இருக்கும் இந்த ஏற்பி எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும். உள்ளே கொலஸ்ட்ரால் போதுமான அளவுக்கு வந்ததும் செல் ஏற்பி செய்வதைக் குறைத்துக்கொள்ளும். இந்த வேலைக்காக 1985-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கல் எங்கே என்றால், பிறவியிலேயே இந்த ஏற்பி வேலை செய்யாத குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களின் எல்டிஎல் 500-ஐத் தாண்டும்; சிறுவயதிலேயே மாரடைப்பு வரும். அவர்களின் தமனித் திட்டிலும் நுரை செல்கள் மண்டிக் கிடக்கின்றன. ஏற்பியே இல்லாத செல் எதை வைத்து விழுங்கியது? இன்னொரு பக்கம், ஆய்வகத்தில் ஆரோக்கியமான மேக்ரோஃபேஜ்களை எல்டிஎல்லில் ஊறப்போட்டாலும் அவை நுரை செல்லாக மாறவில்லை.

1979-ல் அதே குழு விடையின் முதல் பாதியைப் பிடித்தது. எல்டிஎல்லில் அசிட்டைல் தொகுதியைச் சேர்த்து வேதியியல் முறையில் கொஞ்சம் மாற்றிக் கொடுத்ததும், மேக்ரோஃபேஜ்கள் அதை அள்ளி விழுங்கின. வேறொரு வகை ஏற்பி இருக்கிறது, அது மாறிப்போன எல்டிஎல்லை மட்டும் பிடிக்கிறது, முக்கியமாக அதற்கு நிறுத்தும் கட்டுப்பாடு இல்லை என்று தெரிந்தது. இவற்றைத் துப்புரவு ஏற்பிகள் என்று சொல்லலாம். கிருமியையும் செத்த செல்லையும் விழுங்குவதற்காக வந்த ஏற்பிகள் இவை. கிருமி வரும்போது “போதும்” என்று நிறுத்தினால் ஆபத்து அல்லவா? அந்த நியாயமே இங்கே வினையாகிவிட்டது.

அசிட்டைல் சேர்ந்த எல்டிஎல் ஆய்வகச் சரக்கு. உடம்புக்குள் எல்டிஎல்லை மாற்றுவது எது? சான் டியேகோவில் டேனியல் ஸ்டைன்பெர்க்கின் குழு 1980-களில் ஆக்சிஜனேற்றத்தைச் சுட்டிக்காட்டியது. சுவருக்குள் சிக்கிக் கிடக்கும் எல்டிஎல் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைகிறது. மேக்ரோஃபேஜ் அதை அந்நியப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் இதோடு கணக்கு முடியவில்லை. முக்கியமான இரண்டு துப்புரவு ஏற்பிகளையும் நீக்கிய எலிகளிலும் நுரை செல்கள் வந்தன. எல்டிஎல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும்போதும் மேக்ரோஃபேஜ் விழுங்குகிறது. சுற்றியுள்ள திரவத்தோடு சேர்த்து மொத்தமாக உறிஞ்சவும் செய்கிறது. ஒரு வாசலை மூடினால் வேறு வாசல் திறக்கிறது. மருந்து செய்ய நினைத்தவர்களை இந்தச் சங்கதி பாடாய்ப் படுத்தியது.

விழுங்கியதை ஜீரணித்துவிடலாமே?

முடியாது. சர்க்கரையையும் கொழுப்பு அமிலத்தையும் எரிப்பதுபோல் கொலஸ்ட்ராலின் வளையங்களை உடைத்து எரிக்கும் நொதி மனித உடம்பில் எங்குமே கிடையாது. கல்லீரல்கூட அதைப் பித்த அமிலமாக மாற்றி வெளியே தள்ளத்தான் செய்கிறது.

மேக்ரோஃபேஜ் செய்யக்கூடியது இவ்வளவுதான்: செல்லின் ஜீரணப் பையான லைசோசோமில் எல்டிஎல்லைப் பிரித்துக் கொலஸ்ட்ராலைத் தனியே எடுக்கும். தனிக் கொலஸ்ட்ரால் அளவுக்கு மீறினால் செல்லின் சவ்வுகள் கெட்டுப்போகும், அதனால் ஏசிஏடி-1 என்ற நொதி அதில் ஒரு கொழுப்பு அமிலத்தைக் கோத்து எஸ்டராக்கித் துளியாகச் சேமித்து வைக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்த துளிகள் இவைதான். அதாவது அந்த நுரை, செல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு.

இதை யோசிக்காமல் ஏசிஏடி-யைத் தடுக்கும் மருந்துகளைச் செய்தார்கள். துளி சேராவிட்டால் நுரை செல்லும் வராது என்ற கணக்கு. பாக்டிமைப் என்ற அந்த வகை மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் திட்டு குறையவில்லை. சில அளவீடுகளில் நிலைமை கொஞ்சம் மோசமாகவே ஆனது. 2006-ல் இந்த முடிவு வெளியானது; அந்தப் பாதை மூடப்பட்டது.

வெளியே அனுப்ப வழியே இல்லையா?

இருக்கிறது. செல் சவ்வில் உள்ள ஏபிசிஏ-1, ஏபிசிஜி-1 என்ற இரண்டு புரதங்கள் கொலஸ்ட்ராலை வெளியே தள்ளும். வெளியே அதை வாங்கிக்கொள்வது ஹெச்டிஎல் என்ற இன்னொரு வகை ரத்தத் துகளும் அதன் முதன்மைப் புரதமும். அங்கிருந்து கல்லீரல், பித்தம், குடல்.

இது தெரியவந்த கதை அமெரிக்காவின் செசபீக் வளைகுடாவில், டான்ஜியர் என்ற சின்னத் தீவில் தொடங்குகிறது. அங்கே ஒரு சிறுவனுக்கு டான்சில் வீங்கி, ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. அவனுடைய அக்காவுக்கும் அப்படியே. இருவர் ரத்தத்திலும் ஹெச்டிஎல் கிட்டத்தட்ட இல்லை. 1961-ல் டொனால்ட் ஃபிரெட்ரிக்சனின் குழு இதை விவரித்து, தீவின் பெயரையே நோய்க்கும் வைத்தது. டான்சிலில் நிறைந்திருந்தவை கொலஸ்ட்ரால் ஏறிய மேக்ரோஃபேஜ்கள். அந்தக் குடும்பத்தில் கெட்டுப்போயிருந்தது ஏபிசிஏ-1 மரபணு என்று தெரிய 1999 வரை ஆயிற்று. அந்த வருஷம் மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அதைக் கண்டுபிடித்தன.

அப்படியானால் ஹெச்டிஎல்லைக் கூட்டினால் போதுமே? அதுதானே “நல்ல கொலஸ்ட்ரால்”?

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். டோர்செட்ரபிப் என்ற மருந்து ஹெச்டிஎல்லை 70 சதவீதத்துக்கும் மேல் உயர்த்தியது. 15,000 பேரிடம் நடந்த சோதனையில் மருந்து சாப்பிட்டவர்களிடையே மரணம் அதிகமாகவே, 2006 டிசம்பரில் அதை நிறுத்தினார்கள். பிறவியிலேயே ஹெச்டிஎல் சற்று அதிகமாக இருக்கும் மரபணு வேறுபாடு உள்ளவர்களைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை. ரத்தத்தில் ஹெச்டிஎல் எவ்வளவு இருக்கிறது என்பதும், அது மேக்ரோஃபேஜிடமிருந்து எவ்வளவு வாங்கிப் போகிறது என்பதும் வேறு வேறு. ரிப்போர்ட்டில் ஹெச்டிஎல் 65 என்று பார்த்துவிட்டு, எல்டிஎல் 170-ஐக் கண்டுகொள்ளாமல் விடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

நுரை செல்லை வெறும் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். சிலருக்குக் கண் இமையின் மூக்கோரத்தில் வெளிர்மஞ்சளாக, தொட்டால் மெத்தென்று ஒரு திட்டு வரும். தோலுக்கடியில் நுரை செல்கள் கூடியிருப்பதுதான் அது. அது உள்ளவர்களில் பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ரால் அளவு சாதாரணமாகவே இருக்கும். இருந்தாலும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. கோபன்ஹேகனில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில், கொலஸ்ட்ரால் அளவைக் கழித்துப் பார்த்தாலும் இமைத் திட்டு உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து கூடுதலாகவே இருந்தது.

கொழுப்பு ஏறிய மேக்ரோஃபேஜ் ரத்தக்குழாய் நோய்க்கு மட்டும் உரியதல்ல. தொழுநோயிலும் காசநோயிலும்கூட வரும். அங்கே அந்தக் கொழுப்பைக் கிருமி தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

எந்த வயதில் இது தொடங்குகிறது?

நாம் நினைப்பதைவிட ரொம்ப முன்பே. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்த முடிவு 1953-ல் வெளியானது. சராசரி வயது 22. அதில் 77 சதவீதம் பேரின் இதயத் தமனிகளில் ஏதோ ஓர் அளவுக்கு நோய் கண்ணுக்குத் தெரிந்தது. வெறும் நுரை செல் வரிசைகளான மஞ்சள் கோடுகள் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகின்றன. அவற்றில் பல அப்படியே நின்றுவிடும், சில மறைந்தும் போகும்.

நுரை செல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மாரடைப்பு எப்படி வருகிறது?

செல் இருக்கும்வரை பெரிதாக ஒன்றுமில்லை. செத்த பிறகுதான் பிரச்சினை.

சுமை தாங்காமல் நுரை செல்கள் சாகின்றன. சாதாரணமாகச் செத்த செல்லைப் பக்கத்து மேக்ரோஃபேஜ் உடனே விழுங்கிவிடும். முற்றிய திட்டில் அந்த வேலை நடப்பதில்லை. செத்தவை வெடித்து, உள்ளே இருந்த கொழுப்பும் நொதிகளும் வெளியே கொட்டுகின்றன. திட்டின் நடுவில் கூழாக ஒரு குழி உருவாகிறது. தனிக் கொலஸ்ட்ரால் கூர்மையான படிகங்களாக உறைகிறது. இந்தப் படிகங்கள் மேக்ரோஃபேஜுக்குள் என்எல்ஆர்பி-3 என்ற எச்சரிக்கை அமைப்பைத் தூண்டிவிட்டு, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருளைச் சுரக்க வைக்கின்றன என்பது 2010-ல் தெரிந்தது. அது இன்னும் வெள்ளணுக்களைக் கூப்பிடுகிறது.

கூழின் மேல் நார்த் திசு ஒரு மூடிபோல் இருக்கிறது. மேக்ரோஃபேஜ்கள் விடும் நொதிகள் அந்த மூடியை அரிக்கின்றன. அது 65 மைக்ரோமீட்டருக்கும் கீழே, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்காக மெலிந்தால் கிழியும் ஆபத்து அதிகம். கிழிந்த நிமிடத்தில் கூழில் ரத்தம் பட்டு உறைகிறது. அடைப்பது அந்த ரத்தக்கட்டி. “போன மாதம் டிரெட்மில் டெஸ்ட் நன்றாக இருந்ததே, எப்படி திடீரென்று?” என்று குடும்பத்தார் கேட்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஓட்டத்தைப் பெரிதாகத் தடுக்காத திட்டும் கிழியலாம்.

நுரை செல்கள் எல்லாமே மேக்ரோஃபேஜ்தானா?

இல்லை. தமனிச் சுவரின் தசை செல்களும் கொலஸ்ட்ராலை ஏற்றிக்கொண்டு அதே வேஷம் போடுகின்றன. மனித இதயத் தமனிகளை ஆராய்ந்து 2014-ல் வந்த ஒரு கனடா ஆய்வு, நுரை செல்களில் பாதியாவது தசை செல்லிலிருந்து வந்தவை என்றது. இன்னொன்று: நன்றாகக் கொழுப்பு ஏறிய மேக்ரோஃபேஜைவிட, அவ்வளவாக ஏறாத மேக்ரோஃபேஜ்தான் அழற்சியை அதிகம் கிளப்புகிறது என்று எலிகளில் 2018-ல் பார்த்தார்கள். நுரை செல்லே முழு வில்லன் என்று எழுதுகிற பழைய பாடநூல்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

கொலஸ்ட்ராலை விட்டுவிட்டு அழற்சியை மட்டும் அடக்கினால் பலன் உண்டா?

உண்டு என்று நிரூபித்துவிட்டார்கள். 10,061 பேர் கலந்துகொண்ட கேன்டோஸ் சோதனை 2017-ல் வெளியானது. கனகினுமாப் என்ற ஊசி இன்டர்லூக்கின்-1 பீட்டாவைக் கட்டிப்போடும், எல்டிஎல்லைத் தொடாது. நடுத்தர அளவில் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின, மொத்த மரணம் குறையவில்லை, விலையும் யானை விலை. இதய நோய்க்கு அது புழக்கத்துக்கு வரவில்லை.

மலிவான மாற்று கொல்சிசின். கீல்வாதத்துக்குக் காலகாலமாகக் கொடுக்கும் மருந்து. தினம் அரை மில்லிகிராம் கொடுத்து, நிலையான இதய நோய் உள்ள 5,522 பேரிடம் நடந்த சோதனையில் (2020) பாதிப்புகள் 31 சதவீதம் குறைந்தன. 2023-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வருஷமே, மாரடைப்பு வந்த உடனே கொடுத்துப் பார்த்த இன்னொரு பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை. வாதம் ஓயவில்லை.

கொல்சிசின் நம் ஊர்ச் செடியில் இருக்கிறதாமே?

ஆமாம். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தல் கட்டிக் கண்வலிக்கிழங்கு என்று பயிர் செய்து, விதையைக் கொல்சிசினுக்காக விற்கிறார்கள். ஆனால் தயவுசெய்து கிழங்கையோ விதையையோ அரைத்துச் சாப்பிட்டுவிடாதீர்கள். கடும் விஷம். மருந்தின் அளவுக்கும் உயிரை எடுக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. கிழங்கைத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு.

ஆக்சிஜனேற்றம்தான் தொடக்கம் என்றால், ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை போதாதா?

வைட்டமின் ஈ கொடுத்து 2000-லும் 2002-லும் பல்லாயிரம் பேரிடம் பெரிய சோதனைகள் நடந்தன. இதயத்துக்கு ஒரு பலனும் இல்லை. காசை மிச்சப்படுத்துங்கள்.

அப்புறம் எதுதான் வேலை செய்கிறது?

மேக்ரோஃபேஜை நேரடியாகத் திருத்தப்போன மருந்துகளில் பெரும்பாலானவை தோற்றன. அதன் வாய்க்கு வரும் எல்டிஎல்லைக் குறைத்தவை ஜெயித்தன. ஜப்பானின் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளை அலசி, 1973-ல் அரிசியில் வளர்ந்த ஒரு பூசணத்திலிருந்து முதல் ஸ்டேட்டினைப் பிரித்தார். கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்வதை ஸ்டேட்டின் தடுக்கும். கல்லீரல் உடனே தன் எல்டிஎல் ஏற்பிகளைக் கூட்டி, ரத்தத்திலிருந்து அதிகமாக இழுத்துக்கொள்ளும். 4,444 இதய நோயாளிகளிடம் நடந்து 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய சோதனையில் மொத்த மரணமே 30 சதவீதம் குறைந்தது.

காலமும் முக்கியம். எல்டிஎல் ஏற்பிகளைக் குறைக்கும் பிசிஎஸ்கே-9 என்ற மரபணு செயலிழந்து பிறந்த கறுப்பின அமெரிக்கர்களை ஆராய்ந்தபோது (2006) அவர்களின் எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவாக இருந்தது. இதய நோயோ 88 சதவீதம் குறைவு. பிறந்ததிலிருந்தே குறைவாக இருந்ததன் பலன் அது.

சேர்ந்தது திரும்பக் கரையுமா?

கொஞ்சம். ஸ்டேட்டினோடு பிசிஎஸ்கே-9 தடுப்பு ஊசியும் போட்டு, எல்டிஎல்லை 37-க்குக் கொண்டுவந்த 2016-ஆம் ஆண்டுச் சோதனையில், தமனிக்குள் அல்ட்ராசவுண்ட் வைத்து அளந்ததில் 76 வாரத்தில் திட்டின் பங்கு சுமார் ஒரு சதவீதப் புள்ளி குறைந்தது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அளவு குறைவதைவிட, நுரை செல்கள் குறைந்து மூடி தடிப்பதுதான் பெரிய லாபம்.

முட்டை சாப்பிடலாமா?

பெரும்பாலானவர்கள் தாராளமாக ஒன்று சாப்பிடலாம். நம் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது. எல்டிஎல்லை அதிகம் ஏற்றுவது நெய், வெண்ணெய், வனஸ்பதி, பாமாயில், தேங்காய் எண்ணெய் வகைக் கொழுப்பு.

நுரை செல் எவ்வளவு இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

தெரியாது. சிடி ஸ்கேனில் கால்சியம் தெரியும். அது பழைய திட்டின் தடயம். ரத்தத்தில் பார்க்க வேண்டியவை எல்டிஎல், கிடைத்தால் எல்டிஎல் வகைத் துகள்களில் இருக்கும் ஏபோ-பி என்ற புரதம். குடும்பத்தில் சிறுவயது மாரடைப்பு இருந்தால் எல்பி-சிறிய-ஏ என்ற லிப்போபுரதத்தையும் வாழ்நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பரம்பரையாக வருவது அது, பெரும்பாலும் மாறாது. அதனால் ஒருமுறை போதும்.